ஹிஸ்டரி புத்தகத்தில் எல்ஜிபிடிக்யூ வரலாறு: எதுக்கு, எப்படி?

டூரிங் மெஷின் படிக்காம யாரும் சிஎஸ்இ முடிக்க முடியாது. விஎல்எஸ்ஐ பேப்பர் எழுதின இசிஇ மக்களுக்கு லேம்டா ரூல்ஸ் மறந்திருக்காது. இந்த ரெண்டுக்கும் பின்னாடி இருக்கிற மனுஷங்களைப் பத்தி நம்ம நோட்ஸ்ல எவ்வளவு இருக்கு? டூரிங்கோட பேர் இருக்கு. லேம்டா ரூல்ஸைக் கொடுத்தவங்க பேர் பல நோட்ஸ்ல அதுவும் இல்ல.

ஆலன் டூரிங் 1936-ல் கணிக்கத்தக்க எண்கள் பற்றிய கட்டுரையை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா குறியீட்டை உடைத்த குழுவில் முக்கியமானவர். 1952-ல் இன்னொரு ஆணோடு உறவு வைத்திருந்தார் என்பதற்காக பிரிட்டிஷ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. ஜெயில் அல்லது ஹார்மோன் ஊசி, ரெண்டில் ஒன்று என்றார்கள். ஊசியை ஒத்துக்கொண்டார். அரசின் ரகசிய வேலைகளுக்கான அனுமதியும் போனது. 1954-ல் சயனைடு விஷத்தால் இறந்தார், வயது 41. விசாரணையில் அதைத் தற்கொலை என்று முடிவு செய்தார்கள்.

லின் கான்வே ஒரு திருநங்கை. 1960-களில் ஐபிஎம்மில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் ப்ராஜெக்டில் வேலை செய்தார். பெண்ணாக மாறப் போகிறேன் என்று சொன்னதும் 1968-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். புதுப் பேரோடு சாதாரண கான்ட்ராக்ட் புரோகிராமராக முதல்ல இருந்து ஆரம்பித்தார். பிறகு ஜெராக்ஸின் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். கார்வர் மீடோடு சேர்ந்து அவர் எழுதிய விஎல்எஸ்ஐ புத்தகம் 1980-ல் வந்து, சிப் டிசைன் சொல்லித்தரும் முறையையே மாற்றியது. நாம படிக்கிற லேம்டா ரூல்ஸ் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். "இதெல்லாம் தெரியாமலே ஹால்டிங் ப்ராப்ளத்தை ப்ரூவ் பண்ணிடலாமே. அப்புறம் எதுக்கு?"

உண்மைதான். தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் கிளாஸ்ல இது தேவையில்ல. ஒரு தேற்றத்துக்கு அதைக் கண்டுபிடிச்சவரோட வாழ்க்கை ஆதாரம் ஆகாது. ஆனா ஸ்கூல்ல ஹிஸ்டரி கிளாஸ்னு ஒண்ணு இருக்கே, அங்க கேள்வியே வேற. யார் செஞ்சாங்க, ஏன் செஞ்சாங்க, ஏன் தடுத்தாங்க, அப்புறம் என்ன ஆச்சு. அங்க ஒரு வரியை எடுத்துட்டா பல சமயம் மிச்சக் கதை புரியாம போயிடும். எல்ஜிபிடிக்யூ வரலாற்றைப் பள்ளியில் சொல்லித்தரணுமா என்ற விவாதத்தோட மையம் இதுதான்னு எனக்குத் தோணுது. இதை முதல்ல சட்டமாவே போட்டுப் பார்த்த இடம் கலிஃபோர்னியா. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

கலிஃபோர்னியா சட்டம் என்ன சொல்லுது?

2011 ஜூலையில் கலிஃபோர்னியா கவர்னர் ஜெர்ரி பிரவுன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மாநில செனட்டர் மார்க் லீனோ கொண்டுவந்தது. அதை ஃபேர் கல்விச் சட்டம் என்பார்கள். நியாயமான, துல்லியமான, எல்லோரையும் உள்ளடக்கிய, மரியாதையான என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பேர். அமெரிக்காவில் இந்த மாதிரி முதல் சட்டம் இதுதான். 2012 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

பேரைக் கேட்டா புதுசா ஒரு பாடமே வந்த மாதிரி இருக்கும். அப்படி ஒண்ணும் இல்ல. கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தில் ஏற்கனவே ஒரு பட்டியல் இருந்தது. சமூக அறிவியல் பாடத்தில் பெண்கள், பூர்வகுடி அமெரிக்கர்கள், கறுப்பின அமெரிக்கர்கள், மெக்ஸிக அமெரிக்கர்கள், ஆசிய அமெரிக்கர்கள் போன்றவர்களின் பங்களிப்பைச் சொல்லித்தர வேண்டும் என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் எல்ஜிபிடி அமெரிக்கர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். கூடவே, இவர்களை இழிவுபடுத்தும் பாடநூல்களைப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். எத்தனை பக்கம், எந்த வகுப்பு, எத்தனை மணி நேரம் என்றெல்லாம் சட்டம் சொல்லவில்லை.

எதிர்ப்பு உடனே வந்தது. பொது வாக்கெடுப்பு நடத்தி சட்டத்தை நீக்க ஒரு முயற்சி நடந்தது. தேவையான அளவு கையெழுத்து கிடைக்கல.

ஆனா சட்டம் வந்த அடுத்த நாளே கிளாஸ்ல பாடம் மாறிடாது. சட்டத்துக்கும் பாடநூலுக்கும் நடுவுல பாட வழிகாட்டி என்று ஒண்ணு இருக்கு. மாநிலக் கல்வி வாரியம் அந்தப் புது வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது 2016 ஜூலையில்தான். அதை வெச்சு பதிப்பாளர்கள் புத்தகம் எழுதணும். 2017 நவம்பரில் எட்டாம் வகுப்பு வரைக்குமான 10 பாடநூல் தொகுப்புகளை வாரியம் ஏற்றது. 2 தொகுப்புகளை இந்தச் சட்டப்படி இல்லை என்று நிராகரித்தது. சட்டத்திலிருந்து புத்தகத்துக்கு வர 6 வருஷம். அதுக்குள்ள 2011-ல் ஆறாம் வகுப்புல இருந்த பையன் ஸ்கூலையே முடிச்சிருப்பான்.

எந்த வகுப்புல என்ன?

"சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறவங்க பெரும்பாலும் இதைப் பாலியல் கல்வின்னு நினைச்சுக்கிறாங்க. அந்த வழிகாட்டியில் இருக்கிறதைப் பார்த்தா வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் வகுப்பில் குடும்பம் என்ற பாடம். தாத்தா பாட்டியோடு வளரும் குழந்தை, தத்தெடுக்கப்பட்ட குழந்தை, அம்மா மட்டும் உள்ள வீடு என்று பல வகைக் குடும்பங்களைச் சொல்லும்போது, இரண்டு அம்மா அல்லது இரண்டு அப்பா உள்ள வீடும் அதில் ஒன்று.

நான்காம் வகுப்பில் கலிஃபோர்னியா வரலாறு. அதில் ஹார்வி மில்க் வருகிறார். 1977-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகர அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் நின்று ஜெயித்தவர். 1978-ல் அவரும் நகர மேயரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எட்டாம் வகுப்பில் 19-ஆம் நூற்றாண்டு. அங்கே சார்லி பார்க்ஹர்ஸ்ட் என்ற குதிரைவண்டி ஓட்டுநர். பெண்ணாகப் பிறந்து, ஆணாகவே வாழ்ந்தவர். இறந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

பதினோராம் வகுப்பில் நவீன அமெரிக்கா. 1953-ல் அதிபர் ஐசன்ஹோவர் போட்ட ஒரு உத்தரவின் பேரில், தன்பாலீர்ப்பாளர்கள் என்று சந்தேகப்பட்ட அரசு ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். அதில் வேலை இழந்தவர்களில் ஒருவர் ஃபிராங்க் கேமனி, வானியலாளர். ராணுவத்தின் வரைபடத் துறையில் இருந்தார், 1957-ல் வெளியே அனுப்பினார்கள். சும்மா இருக்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். தோற்றார். வாழ்நாள் முழுக்கப் போராடினார். 2009-ல் அமெரிக்க அரசு அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

இதில் எங்கேயும் படுக்கையறை இல்ல. குடும்பம், தேர்தல், வேலை, கோர்ட்டு, இவ்வளவுதான் இருக்கு. கலிஃபோர்னியாவில் பாலியல் கல்வி வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குத் தனி உரிமை இருக்கு. அது வேற வகுப்பு, இது வேற வகுப்பு.

ஒரு வரியை எடுத்தா என்ன ஆகும்?

மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணி நம்ம எல்லாருக்கும் தெரியும். 1963 ஆகஸ்ட் 28. சுமார் 2,50,000 பேர். செல்ஃபோன் இல்லாத காலத்தில் அவ்வளவு பேருக்கு பஸ், ரயில், சாப்பாடு, தண்ணி, கழிப்பறை, மைக் செட் எல்லாத்தையும் சுமார் ரெண்டே மாசத்தில் ஏற்பாடு செய்தது யார்?

பேயார்ட் ரஸ்டின். 1948-ல் இந்தியாவுக்கு வந்து காந்திய இயக்கத்தினரிடம் அகிம்சைப் போராட்ட முறைகளைப் படித்துவிட்டுப் போனவர். 1956-ல் மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பின்போது கிங்குக்கு அகிம்சை வழிமுறைகளில் ஆலோசகராக இருந்தவர். நம்ம ஊர்ல காந்தி, கிங் ரெண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்றோம். நடுவுல பாலமா இருந்தவர்களில் முக்கியமான ஒருத்தரை மட்டும் விட்டுடறோம்.

ஏன் விட்டுப்போச்சு? ரஸ்டின் தன்பாலீர்ப்பாளர். அதற்காக 1953-ல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் கைதானவர். பேரணிக்கு அவர் தலைமை தாங்கினா எதிரிகள் அதையே ஆயுதமா எடுப்பாங்கன்னு இயக்கத்துக்குள்ளேயே பயம் இருந்தது. இளமையில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் இருந்தார், போரில் சேர மறுத்து ஜெயிலுக்குப் போனார் என்பதும் சேர்ந்துகொண்டது. அதனால் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைவர், ரஸ்டின் துணை என்று ஏற்பாடு. பயந்த மாதிரியே, பேரணிக்குச் சில நாள் முன்னால் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அந்தக் கைது விவரத்தை செனட் சபையிலேயே எடுத்துப் பேசினார். ராண்டால்ஃப் ரஸ்டினை விட்டுக்கொடுக்கல. பேரணி நடந்தது.

இப்போ "அவர் தன்பாலீர்ப்பாளர்" என்ற ஒரே வரியை எடுத்துட்டு இந்தப் பத்தியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க. ஏன் பின்னால நின்னார்? தர்மண்ட் எதைப் பேசினார்? ராண்டால்ஃப் எதுக்காக உறுதியா நிக்க வேண்டி வந்தது? எதுக்கும் பதில் கிடைக்காது. 2020-ல் கலிஃபோர்னியா கவர்னர் ரஸ்டினுக்கு அந்தப் பழைய வழக்கில் பொது மன்னிப்பு வழங்கினார். அது எதுக்குன்னும் புரியாது.

லின் கான்வே கதையிலும் இதேதான். வேலை போன பிறகு 30 வருஷத்துக்கு மேல, ஐபிஎம்மில் தான் செய்ததை அவரால் வெளியில் சொல்ல முடியல. சொன்னா பழைய அடையாளம் தெரிஞ்சிடும். ப்ராசஸர் ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றுவதற்கு அவர் அங்கே கண்டுபிடித்த வழி, அவர் பேரில்லாமலே கிடந்தது. 1990-களின் கடைசியில் அந்தப் பழைய ப்ராஜெக்டின் வரலாற்றை ஒரு ஆய்வாளர் தேட ஆரம்பித்த பிறகுதான் அவர் வெளிப்படையாகப் பேசினார். ஐபிஎம் மன்னிப்புக் கேட்டது 2020-ல். அவர் 2024 ஜூனில் மறைந்தார். ஒருத்தரோட அடையாளத்தை மறைக்க வெச்சதுல கம்ப்யூட்டர் வரலாற்றிலேயே ஒரு பக்கம் காணாம போயிருந்தது.

பேசக் கூடாதுன்னு சொன்ன ஊர்

இதுக்கு நேர் எதிரான சோதனையும் நடந்திருக்கு, அதுவும் டூரிங்கோட நாட்டிலேயே. 1988-ல் மார்கரெட் தாட்சர் அரசு உள்ளாட்சிச் சட்டத்தில் பிரிவு 28 என்று ஒன்றைச் சேர்த்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை "ஊக்குவிக்க"க் கூடாது, பள்ளிகளில் அதை ஏற்கத்தக்க குடும்ப உறவாகச் சொல்லித்தருவதை ஊக்குவிக்கக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

கவனிங்க, இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கில்கூட யாரும் தண்டிக்கப்படல. ஆனா தண்டனைக்கான அவசியமே வரல. "ஊக்குவிப்பது" என்றால் என்னன்னு யாருக்கும் தெளிவா தெரியாது. பாடத்தில் ஒரு எழுத்தாளரைப் பத்தி ஒரு வரி சொன்னா அது ஊக்குவிப்பா? கிளாஸ்ல ஒரு பையனைக் கேலி பண்றாங்க, டீச்சர் தடுத்தா அது ஊக்குவிப்பா? தெரியாததால பலர் பேசாமலே இருந்துட்டாங்க. தன்பாலீர்ப்பாளராக இருந்த ஆசிரியர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஸ்டாஃப் ரூமில்கூட மூச்சு விடல.

ஸ்காட்லாந்து 2000-லும் இங்கிலாந்து, வேல்ஸ் 2003-லும் அந்தப் பிரிவை நீக்கின. தாட்சரின் அதே கட்சியின் தலைவராக இருந்த டேவிட் கேமரன் 2009-ல் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் டூரிங்குக்காக அன்றைய பிரதமர் கார்டன் பிரவுனும் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது, 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங் படமும் வந்தது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி போய், 2018-ல் எல்ஜிபிடி பாடங்களை அரசுப் பள்ளிக் கல்வியில் சேர்ப்பதாக அறிவித்தது.

இது பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2022-ல், மூன்றாம் வகுப்பு வரை பாலின அடையாளம், பாலீர்ப்பு பற்றிப் பாடம் நடத்தத் தடை போட்டு, அடுத்த வருஷம் மேல் வகுப்புகளுக்கும் நீட்டியது. அங்கேயும் எது தடை, எது இல்லைன்னு குழப்பம். 2024-ல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தபோதுதான், பேச்சில் குறிப்பிடுவதே தடையில்லை, பாடமாக நடத்துவதுதான் தடை என்று தெளிவானது.

எதிர்க்கிறவங்க சொல்றது

எதிர்ப்பு எல்லாத்தையும் வெறுப்புன்னு ஒதுக்கிட முடியாது. ரெண்டு வாதம் எனக்கு முக்கியமாப் படுது.

முதலாவது, பெற்றோர் உரிமை. என் பிள்ளைக்கு என்ன மதிப்பீடுகளைச் சொல்லித்தரணும் என்பதை நான் தீர்மானிக்கணும் என்ற வாதம். 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இதற்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மேரிலாந்தில் ஒரு கவுண்டியின் தொடக்கப் பள்ளிகளில் எல்ஜிபிடிக்யூ பாத்திரங்கள் வரும் கதைப் புத்தகங்களை வாசித்தார்கள். மத நம்பிக்கை காரணமாகப் பிள்ளைகளை அந்த வகுப்பிலிருந்து விலக்க, வழக்கு முடியும்வரை அனுமதிக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. அந்தப் பெற்றோரோட கவலை எனக்குப் புரியுது. ஆனா கதைப் புத்தகம் வேற, நடந்த சம்பவம் வேற. வாஷிங்டன் பேரணியை யார் ஏற்பாடு செய்தார் என்பது யாரோட மதிப்பீட்டையும் பொறுத்தது இல்ல. அது தகவல். அந்தத் தகவலைத் தெரிஞ்சுகிட்டு வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவோட வாதாடட்டும், இல்ல ஒத்துப்போகட்டும். அது அந்தக் குடும்பத்தோட விஷயம்.

இரண்டாவது, வரலாற்று ஆசிரியர்களே எழுப்புற கேள்வி. 200 வருஷம் முன்னாடி வாழ்ந்தவருக்கு இன்றைய பட்டத்தை ஒட்டலாமா? சார்லி பார்க்ஹர்ஸ்ட் தன்னை என்னவாக நினைத்தார் என்று யாருக்குத் தெரியும்? பாதுகாப்புக்காக ஆண் வேஷம் போட்டிருக்கலாம், உண்மையிலேயே தன்னை ஆணாக உணர்ந்திருக்கலாம். இது நல்ல கேள்வி. ஆனா இது பாடத்தை நீக்க ஒரு காரணம் ஆகாது. இந்தக் கேள்வியே ஒரு நல்ல ஹிஸ்டரி பாடம். "இவர் ஆணாக வாழ்ந்தார். இதுவரை தெரிஞ்சது இவ்வளவு. இதுக்கு மேல சொல்ல ஆதாரம் இருக்கா?" என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன் யோசிச்சா, வெறும் வருஷங்களை மனப்பாடம் பண்றதை விட அது பெரிய விஷயம்.

நம்ம ஊர் சிலபஸ்

"அதெல்லாம் அமெரிக்கா, லண்டன். நம்ம ஸ்கூல்ல இதுக்கு சிலபஸே இல்லையே" என்பீங்க. இருக்கு. ஒரே ஒரு எண்ணுல இருக்கு. எட்டுக்கு அடுத்த எண். ஆறாம் வகுப்புக்குள்ள அந்த எண்ணோட "அர்த்தம்" எல்லாப் பசங்களுக்கும் தெரிஞ்சிடும். சினிமா காமெடி ட்ராக்கும், பின்பெஞ்சும், ஹாஸ்டலும் அதைச் சொல்லித்தந்துடும். கொஞ்சம் மென்மையா நடக்கிற பையன் அந்த எண்ணைக் கேட்டுக்கிட்டே பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் வர்றான், சில பேர் வர்றதே இல்ல. ஸ்கூல் அமைதியா இருந்தா பாடம் நடக்காம இருக்காது. வேற யாரோ நடத்திடுவாங்க.

மாத்த முயற்சி நடக்காமலும் இல்ல. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பற்றிய பாடம் சேர்த்தார்கள். மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை. ஆனா 2021-ல் என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்தணும் என்று ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டபோது, எதிர்ப்பு வந்த சில நாளில் அது இணையதளத்தில் இருந்து காணாம போனது.

அதே 2021-ல் ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு. எல்ஜிபிடிக்யூ மக்களைப் புரிந்துகொள்ளும்படி பள்ளி, கல்லூரிப் பாடங்களில் மாற்றம் வேணும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. அதுக்கு முன்னால அவர் செய்தது இன்னும் முக்கியம். இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

யோசிச்சுப் பாருங்க. பள்ளி, கல்லூரி, சட்டப் படிப்பு, வக்கீல் தொழில் எல்லாம் தாண்டி உயர் நீதிமன்ற நீதிபதி ஆன ஒருத்தர், முதல் கிளாஸை நீதிபதி ஆன பிறகு போய்க் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. எல்லா அப்பாவுக்கும், எல்லா ஹெச்ஆருக்கும், எல்லா ஹாஸ்டல் வார்டனுக்கும் அது இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

நம்ம ஊர்ப் பாடநூலுக்கு ரஸ்டினும் மில்க்கும் கட்டாயம் இல்ல. நமக்கே விஷயம் இருக்கு. 1860-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, 2008-ல் தமிழ்நாட்டில் அமைந்த திருநங்கைகள் நல வாரியம், மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வயது வந்தவர்களின் சம்மதத்தோடான உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு. நாலும் சேர்ந்தா பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ரெண்டு பக்கம்கூட வராது. ஒரு ஐந்து மார்க் கேள்விக்குக் காணும்.

மார்க்குக்காகப் படிச்சாலும் பரவாயில்ல. அந்த ரெண்டு பக்கத்தைப் படிச்ச கிளாஸ்ல, கடைசி பெஞ்சிலிருந்து யாராவது அந்த எண்ணைச் சொல்லும்போது, "இது பாடத்துல இருக்கு, ஒழுங்காப் பேசு" என்று ஒரு டீச்சர் தைரியமா சொல்லலாம். இன்னிக்கு அவங்க கையில அப்படி ஒரு பக்கம் இல்ல.